மீசை முளைத்தால் போதுமா?

‘ஹான்ஸன்’ என்று பெயரைச் சொன்னால் இரண்டு விதமாக பதில் வரும். ஒன்று, ‘யாரு அது?’. இன்னொன்று, ‘ஓ... அந்த நீள முடிப் பசங்களா?’ என்று ஒரு நக்கல் சிரிப்பு. முதல் ரகத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. தெரியாதது குற்றமா என்ன? இரண்டாம் ரகத்தோடுதான் இந்த வாரம் தகராறு.

தெரியாதவர்களுக்கு முதலில் கதைச் சுருக்கம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்ஸா என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளால் வளர்ந்த ஊர். பாட்டு வியாபாரத்துக்கும் பத்திரிகை வெளிச்சத்துக்கும் ரொம்ப தூரம். அங்கே அண்ணன் தம்பி மூன்று பேர், ஐசக், டெய்லர், ஸாக், 1992-ல் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். 1997 மே மாதம் இவர்களுடைய ‘மிடில் ஆஃப் நோவேர்’ ஆல்பத்தை மெர்க்குரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்டபோது மூத்தவனுக்கு 16 வயது, நடுவனுக்கு 14, கடைக்குட்டிக்கு 11. அதிலிருந்த ‘ம்ம்ம்பாப்’ பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் நான்கு மடங்கு பிளாட்டினம், அதாவது 40 லட்சம். 1998-ல் மூன்று கிராமி விருதுகளுக்குப் பரிந்துரை.

கூடவே கேலியும் கிளம்பியது. ‘இது பையனா பொண்ணா’ என்ற ஜோக். ‘எவனோ எழுதிக் கொடுத்ததை வாயசைக்கிறாங்க’ என்ற தீர்ப்பு. ‘அர்த்தமே இல்லாத உளறல்’ என்ற விமர்சனம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போமா? எவனோ எழுதிக் கொடுத்ததா? மெர்க்குரி எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, 1995-லும் 1996-லும், இந்தப் பிள்ளைகள் சொந்தமாக இரண்டு ஆல்பங்கள் போட்டு ஊரில் விற்றவர்கள். ‘ம்ம்ம்பாப்’ அந்த இரண்டாவது ஆல்பத்திலேயே கொஞ்சம் மெதுவான நடையில் இருக்கிறது. எழுதியது அவர்கள் மூவரும்தான். அர்த்தமில்லையா? வாழ்க்கையில் வந்து போகிற உறவுகளில் கடைசிவரை நிற்பவை கொஞ்சம்தான், அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்பதுதான் பாட்டின் சாரம். பத்துப் பதினைந்து வயதில் அதை யோசித்திருக்கிறார்கள். நாற்பதில்கூட நம்மில் பலருக்கு அது உறைப்பதில்லை. இன்னொன்று. நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகை வருடா வருடம் இசை விமர்சகர்களிடம் நடத்திய ஓட்டெடுப்பில், 1997-ன் சிறந்த தனிப்பாடலாக வந்தது இதே ‘உளறல்’தான்.

அப்படியானால் என்னதான் கோபம்? சொல்லிவிடுகிறேன். ரசித்தவர்கள் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண் பிள்ளைகள். அதுதான் குற்றம். ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அது பாட்டே இல்லை என்று முடிவு கட்டும் ஒரு வியாதி பெரியவர்களிடம் இருக்கிறது. 1964-ல் அமெரிக்கா வந்து இறங்கிய பீட்டில்ஸ் முன்னால் தொண்டை கிழியக் கத்தியவர்கள் யாராம்? பல்கலைக்கழகப் பேராசிரியர்களா? அதே வயதுப் பெண் பிள்ளைகள்தானே. பீட்டில்ஸின் மேதைமை அந்தப் பிள்ளைகளின் காதில்தான் முதலில் விழுந்தது. மேதாவிகள் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தார்கள்.

சரி, ரசனைதானே, விட்டுத்தொலைக்கலாமே என்பீர்கள். விட முடியாது. இந்த நக்கல் சிரிப்பில் பண விவகாரம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

1998-ல், மது வியாபாரத்தில் வளர்ந்த கனடா நாட்டு சீகிராம் நிறுவனம், மெர்க்குரியின் தாய்க் கம்பெனியான பாலிகிராமை ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, தன்னிடம் ஏற்கெனவே இருந்த யுனிவர்ஸலோடு இணைத்தது. மெர்க்குரி கலைந்தது. ஹான்ஸன் ஃபைல், ‘ஐலண்ட் டெஃப் ஜாம்’ என்ற பிரிவுக்கு மாற்றலானது. புது ஆபீசில் இவர்களைத் தேடிப் பிடித்த ஆட்கள் இல்லை. 2000-ல் இரண்டாவது ஆல்பம் ‘திஸ் டைம் அரவுண்ட்’ வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 19-வது இடம் வரை போனது. முந்தையதைப் போல அள்ளவில்லை. உடனே கச்சேரிச் சுற்றுப்பயணத்துக்கான பணத்தை கம்பெனி நிறுத்தியது. பையன்கள் கைக்காசைப் போட்டு முடித்தார்கள்.

அடுத்த ஆல்பத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதி எடுத்துப் போனார்களாம். ‘இதில் ஹிட் இல்லை’, ‘இன்னும் வேணும்’ என்று மூன்று வருடம் இழுத்தடிப்பு. இந்தக் கூத்தை ஒரு ஆவணப்படமாகவே எடுத்து, கல்லூரி கல்லூரியாகப் போட்டுக் காட்டினார்கள். இங்கேதான் நம் நக்கல் சிரிப்பு கம்பெனிக்குக் கை கொடுக்கிறது. ஒரு ‘சீரியஸ்’ கலைஞனை மூன்று வருடம் பூட்டி வைத்திருந்தால் பத்திரிகைகள் கிழித்திருக்கும். இவர்கள்தான் ‘பொடிப் பசங்க’ ஆயிற்றே! யார் கேட்கப் போகிறார்கள்? இளக்காரமாகப் பார்க்கப்படுகிறவனைச் சுரண்டுவது சுலபம். எல்லாத் தொழிலிலும் இதுதான் கதை.

ரெக்கார்டு கம்பெனி காண்ட்ராக்ட் எப்படி இருக்கும் என்று ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆல்பம் விலை 100 ரூபாய், பாடகர் பங்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவும் அட்வான்ஸும் சேர்த்து 15 லட்சம். இந்த 15 லட்சம் கழிவது மொத்த வசூலிலிருந்து இல்லை ஐயா, பாடகரின் 15 ரூபாயிலிருந்து! ஆக, ஒரு லட்சம் ஆல்பம் விற்றுத் தீரும்வரை விற்பனைப் பங்காகப் பாடகர் கையில் ஒரு பைசா வராது. அதற்குள் மீதி 85 லட்சத்தைக் கடைக்காரரும் கம்பெனியும் பிரித்துக்கொண்டு விட்டிருப்பார்கள். கடன் அடைந்த பிறகாவது மாஸ்டர் டேப் பாடகருக்கு வருமா? வராது. அது கம்பெனி சொத்து. ஆட்டோவுக்குக் கடைசி டியூ கட்டி முடித்த பிறகும் ஆர்.சி. புக் சேட்டு பெயரிலேயே இருந்தால் நம் டிரைவர் அண்ணன் சும்மா இருப்பாரா?

இதில் விடலைப் பிள்ளைகள் மாட்டினால் இன்னும் மோசம். ‘பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்’ குழுவில் இருந்தது ஐந்து பேர். அவர்களை உருவாக்கிய லூ பெர்ல்மேன், தானும் ஆறாவது உறுப்பினர் என்று கணக்கெழுதி அதற்கும் பங்கு வாங்கினார். ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. அந்தக் குழுவும் ‘என்சிங்க்’ குழுவும் அடுத்தடுத்து கோர்ட்டுக்குப் போயின. அதே ஆள் வேறொரு மாபெரும் முதலீட்டு மோசடியில் 2008-ல் 25 வருடத் தண்டனை பெற்று, 2016-ல் சிறையிலேயே செத்தார்.

ஹான்ஸன் சகோதரர்கள் 2003-ல் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து, ‘3சிஜி ரெக்கார்ட்ஸ்’ என்று சொந்தக் கடை திறந்தார்கள். விரித்துச் சொன்னால் ‘த்ரீ கார் கராஜ்’. சின்ன வயதில் பாட்டுப் பழகிய கார் ஷெட்டின் ஞாபகமாக வைத்த பெயர். 2004-ல் ‘அண்டர்நீத்’ ஆல்பம் வந்தது. சுயேச்சை ஆல்பங்களின் பட்டியலில் முதலிடம். பொதுப் பட்டியலில் 25-வது இடம். ராட்சசக் கம்பெனி தள்ளிவிட்டபோது 19, மூன்று பேர் தனியாகத் தள்ளியபோது 25. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆறு படிகளுக்காகவா இத்தனை வருடச் சிறைவாசம்?

‘மெர்க்குரி மட்டும் இல்லையென்றால் இவர்களை யாருக்குத் தெரியும்? பெரிய கம்பெனி கொடுத்த புகழை வைத்துக்கொண்டுதானே தனிக்கடை போட்டார்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1997-ன் வானொலியும் எம்.டி.வி.யும் இல்லாமல் டல்ஸாவிலிருந்து உலகம் சுற்றியிருக்க முடியாதுதான். முகம் தெரியாத ஒரு குழு இதே வழியில் இறங்கினால் பட்டினி கிடக்கவும் நேரலாம். கம்பெனியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏணி வைத்தவருக்குக் கூலி கொடுக்கலாம், வீட்டையே எழுதிக் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

அதோடு, புகழ் மட்டும் போதுமென்றால் அந்தக் காலத்து விடலை நட்சத்திரங்கள் அத்தனை பேரும் இன்று முதலாளிகளாக இருக்க வேண்டுமே! இவர்களுக்கு சோறு போட்டது அன்று ஊர் கேலி செய்த அதே பெண் பிள்ளைகள். அவர்களும் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், தாயானார்கள், டிக்கெட்டும் வாங்கினார்கள். ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கென்றே வருடா வருடம் தனியாகப் பாட்டுகள் பதிவு செய்து தருகிறார்கள் சகோதரர்கள். 2007, 2010, 2013 என்று ஆல்பங்கள் தொடர்ந்தன. 2018-ல் ஆர்கெஸ்ட்ராவோடு ஒன்று. 2022-ல் வந்த ஆல்பத்தில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பகுதி. இடையே 2013-ல் பீர் வியாபாரமும் தொடங்கினார்கள். பீரில் ஹாப்ஸ் என்ற பூ போடுவார்கள். அதைச் சேர்த்து பீருக்கு வைத்த பெயர் ‘ம்ம்ம்ஹாப்ஸ்’. தன் பழைய பாட்டைத் தானே கிண்டல் செய்யும் தைரியம், கணக்கு நோட்டு கையில் இருப்பவனுக்குத்தான் வரும்.

விடலை நட்சத்திரம் ‘வளர்ந்துவிட்டார்’ என்று பத்திரிகைகள் எழுதும்போது எதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பச்சை குத்தினார், துணியைக் குறைத்தார், போதையில் பிடிபட்டார், தாடி வைத்தார். இதெல்லாம் வளர்ச்சியாம். இதையும் திட்டம் போட்டு விற்பது அதே கம்பெனிகள்தான். சின்னப் பையன் பொம்மையை விற்ற கை, அதே பொம்மைக்கு மீசை ஒட்டி இன்னொரு முறை விற்கிறது.

ஒரு பாட்டுக் குழு வளர்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் முகத்தைப் பார்க்காதீர்கள். பாட்டின் மாஸ்டர் யார் பெயரில் இருக்கிறது? அடுத்து எந்தப் பாட்டு வெளிவரும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? பிடிக்காவிட்டால் வெளியே வர வழி இருக்கிறதா? டெய்லர் ஸ்விஃப்ட் போன்ற மகாராணியே இந்த முதல் கேள்விக்காக 2019-லிருந்து சண்டை போட்டு, பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடிப் பதிவு செய்து, 2025-ல்தான் தன் மாஸ்டர்களைக் காசு கொடுத்து மீட்டார். டல்ஸாவின் அண்ணன் தம்பிகள் தனிக்கடை போட்ட அன்று கடைக்குட்டி ஸாக்குக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெண் ஏதோ ஒரு பொடிப் பசங்க பாட்டைக் கேட்டுத் தலையாட்டினால் சிரிக்காதீர்கள். பாட்டு பிடிக்கவில்லையா, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். உங்கள் சிரிப்பைக் காசாக்க ஒருவன் காண்ட்ராக்ட்டோடு காத்துக்கொண்டிருக்கிறான்.