பையனுக்குச் சொல்லுமுன் கல்லாவைப் பாருங்கள்!

 

போதை ஒழிப்பு என்றால் நம் ஊர்களில் ஒரே வழிமுறைதான். ஒரு மேடை, ஒரு மைக் செட், 'புகைக்காதே' என்று நாலு போஸ்டர். ஜும்ஆ பயானில் அல்பகரா அத்தியாயத்தின் 195ஆவது வசனத்தை ஓதிக் காட்டிவிட்டால் கடமை தீர்ந்தது! கடைசி ஸஃப்பில் இருக்கும் பதினைந்து வயதுப் பையனும் அதைக் கேட்கத்தான் செய்கிறான். ஆனால் இன்று அவன் பையில் இருப்பது சிகரெட் அல்ல, வேப்! பேனா மாதிரி இருக்கும், மாம்பழ வாசம் அடிக்கும். வாப்பாவுக்கும் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது.

இந்த வயதில் எந்தச் சொல் மனதில் ஏறும், எது ஏறாது? இதை அமெரிக்கா கோடிகளைக் கொட்டித் தெரிந்துகொண்டது. அமெரிக்கா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அங்கே அடிபட்டுப் பெற்ற பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

1998இல் 'யோசி, புகைக்காதே' என்று அந்நாட்டுத் தொலைக்காட்சிகளில் ஒரு பிரச்சாரம் தொடங்கியது. நடத்தியது யார் தெரியுமா? மார்ல்பரோ சிகரெட் விற்கும் பிலிப் மாரிஸ் கம்பெனி! கொள்ளையன் வீட்டுக்கு வந்து பூட்டு வாங்கச் சொன்ன கதை. ஆனால் சொன்ன சொற்களில் குற்றம் காண முடியாது. நம் போஸ்டரில் இருப்பதும் அதே சொற்கள்தானே! அதே ஆண்டு புளோரிடா மாநிலம் வேறு ஒரு பிரச்சாரத்தைத் தொடங்கியது. பெயர் 'உண்மை'. வழக்குப் போட்டுச் சிகரெட் கம்பெனிகளிடமிருந்து வாங்கிய பணத்திலேயே நடந்தது அது. 2000இல் நாடு முழுக்கப் பரவியது. அதில் 'புகைக்காதே' என்ற உபதேசம் கிடையாது. நியூயார்க்கில் ஒரு சிகரெட் கம்பெனியின் அலுவலக வாசலில் வாலிபர்கள் 1,200 பிணப்பைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அந்நாட்டில் புகையிலை ஒரு நாளில் வாங்கும் உயிர்களின் கணக்கு அது. 'உங்களை ஏமாற்றிக் காசு பார்க்கிறவர்கள் இதோ இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார்கள்' என்று காட்டினார்கள். அவ்வளவுதான்!

பலன் என்ன? புளோரிடாவில் இரண்டே ஆண்டுகளில் நடுநிலைப்பள்ளி மாணவர்களில் புகைப்போர் 100க்கு 18.5 என்பதிலிருந்து 11.1 ஆகக் குறைந்தனர். இரு பிரச்சாரங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது. 'உண்மை' விளம்பரங்களைப் பார்த்த பிள்ளைகளிடம் புகையிலை மீது வெறுப்பு கூடியிருந்தது. கம்பெனியின் உபதேசத்தைப் பார்த்தவர்களிடமோ புகைத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது!

பதின்வயதுப் பிள்ளை 'நீ சின்னப்பையன், இதைத் தொடாதே' என்று சொன்னால் கேட்கமாட்டான். 'உன்னை ஒருவன் முட்டாளாக்குகிறான்' என்றால் சிலிர்த்துக்கொண்டு எழுவான். அது மட்டுமல்ல, சொல்கிறவன் யார் என்று பார்ப்பான். நம்மைவிடக் கூர்மையாகப் பார்ப்பான்.

ஆகவே வேப் பற்றி அவனிடம் எதைச் சொல்ல வேண்டும்? ஜூல் என்ற அமெரிக்கக் கம்பெனி நிக்கோடினை உப்பு வடிவில் தந்தது. தொண்டை எரியவில்லை. எரியாததால் பையன் இருமவில்லை, இருமாததால் நிறுத்தவில்லை. 2019இல் அங்கே உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 100க்கு 27 பேருக்கு மேல் வேப் இழுத்தார்கள். பிள்ளைகளைக் குறிவைத்து விற்றது என்ற புகாரைத் தீர்க்க 2022இல் அந்தக் கம்பெனி முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 43 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. இதைச் சொல்லுங்கள்! சிக்கிக்கொண்டவனைத் திட்டாதீர்கள். விட நினைத்த 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் செல்போனுக்கு தினமும் ஆறுதலும் யோசனையும் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். ஏழு மாதம் கழித்து அவர்களில் 100க்கு 38 பேர் வேப்பை விட்டிருந்தார்கள். அந்தச் செய்திகள் கிடைக்காதவர்களில் 28 பேர்தான். 2024இல் வந்த ஆய்வு இது.

இனி வியாபாரிகளிடம் வருகிறேன். கோபம் வேண்டாம்.

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வேப் இறக்குமதியும் விற்பனையும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். இருப்பு வைத்தாலே 6 மாதம் வரை உள்ளே போகலாம். வெளிநாட்டிலிருந்து குருவி கொண்டுவந்து தந்தது என்ற சமாதானம் கோர்ட்டில் எடுபடாது. சிகரெட்டையும் 18 வயதுக்குட்பட்டவனுக்கு விற்கக் கூடாது, கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. இது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவனுக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம்.

'பாக்கெட்டுக்கு நிற்பது சில்லறை லாபம்தான் பாய், ஆள் வரவேண்டுமே என்று வைத்திருக்கிறோம்' என்பீர்கள். சரி, வருகிற அந்த ஆள் யார்? நேற்று மத்ரஸாவில் உங்கள் மகனோடு ஓதிய பிள்ளை! அவனிடம் சிகரெட்டை நீட்டிவிட்டு, போதை ஒழிப்புக் கூட்டத்துக்கு நன்கொடையும் தந்து, நோட்டீஸில் கடைப் பெயரையும் போட்டுக்கொண்டால் அவன் என்ன நினைப்பான்? பிலிப் மாரிஸ் செய்ததற்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம்.

பள்ளிவாசல் வக்ஃப் கடைகள் பல ஊர்களில் உண்டு. அவற்றின் வாடகைப் பத்திரத்தில் 'புகையிலை, வேப் விற்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்க ஜமாஅத் மனது வைத்தால் போதும். வாலிபர்களே, அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள். பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.