ஒட்சிசன் எவ்வளவு எண்டு கேளுங்கோ

அரிசி ஆலைப் புகை பற்றி எங்கட பக்கத்தில் கதை தொடங்கினால் இரண்டே வசனத்தில் முடிஞ்சிடும். ஆலைக்காரர், "எங்களுக்கு ரெஸ்ட் பாஸ்" என்பார். சனம், "அது காசு குடுத்து எடுத்த பாஸ்" என்னும். அந்த அறிக்கையை இரண்டு பக்கமும் வாசித்திருக்காது. எனக்கு ஆலைக்காரரில் மட்டும் இல்லை, எங்களிலும் கோபம் இருக்கு. ஊழல் எண்டு சொல்லிவிட்டு எழும்பிப் போறது லேசு. ஒரு பக்க இலக்கங்களை இருந்து வாசிக்கிறதுதான் கஷ்டம்.

"ஆர்ட்ஸ் படிக்கிற உனக்குப் பொயிலர் எதுக்கு?" எண்டு கேட்பினம். ஒரு பிரதியை யார் எழுதினது, எப்ப எழுதினது, எதைச் சொல்லாமல் விட்டது எண்டு கேட்கத்தானே நாலு வருசம் படிக்கிறம்? புகைபோக்கி அறிக்கையும் ஒரு பிரதிதான்.

நெல் அவிக்கிற பொயிலருக்குள் எரிகிறது உமி. எரியக் காற்று வேணும். காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். மிச்சம் பெரும்பாலும் நைதரசன், அது சூடாகி வெளியே போறதைத் தவிர பெரிசா ஒண்டும் செய்யாது. காற்றுக் குறைந்தால் உமியிலுள்ள காபன் அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டாகவும் கரும்புகையாகவும் வரும். காற்றுக் கூடினால், தேவையில்லாத காற்றையும் சூடாக்கி வானத்துக்கு அனுப்புகிறோம், உமி வீணாகிறது. அதனால் புகைபோக்கியில் மிஞ்சி வருகிற ஒட்சிசனின் வீதம் தெரிந்தால் உள்ளே நடக்கிறதில் பாதிக்கதை தெரிஞ்சமாதிரி. அது 7 வீதமெண்டால், தேவையைவிட ஏறத்தாழ 50 வீதம் கூடுதலாகக் காற்று போயிருக்கிறது. 17 வீதமெண்டால், தேவையானதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

இது ஆலைக்காரரின் உமிக்கணக்கு மட்டும் இல்லை. பாலுக்குள் தண்ணி விட்டால் ஒரு கிளாசில் இருக்கிற பால் குறையும், வாளியில் இருக்கிற பால் குறையாது. புகையும் அப்படித்தான். ஒரு பேச்சுக்கு, ஒரு கன மீற்றர் புகையில் 150 மில்லிகிராம் தூசி எண்டு அறிக்கை சொல்லுது எண்டு வையுங்கோ. அப்போது ஒட்சிசன் 17 வீதம். இதையே 11 வீத ஒட்சிசனுக்குக் கொண்டுவர வேணுமெண்டால் 20.9இலிருந்து 11ஐக் கழிக்க 9.9, 17ஐக் கழிக்க 3.9. 150ஐ 9.9ஆல் பெருக்கி 3.9ஆல் வகுத்தால் சுமார் 380. ஊருக்குள் விழுகிற தூசி ஒரு கிராம்கூட மாறவில்லை, ஆனால் காகிதத்தில் 150க்கும் 380க்கும் இடையில் ஒரு 'பாஸ்' போய் வந்துவிடும். இதனால்தான் வெளியேற்ற விதிகளில் எல்லைப் பெறுமானத்தோடு "இத்தனை வீத ஒட்சிசனில்" எண்டும் எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் பெரிய நிலக்கரிப் பொயிலர்களுக்கு அது 6 வீதம், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் 3 வீதம். ஒட்சிசன் இல்லாத தூசிக் கணக்கு, எத்தனைக்கு எண்டு சொல்லாத பரீட்சைப் புள்ளி.

கூடுதல் காற்று எப்பவும் கள்ளத்தனம் இல்லை எண்டதையும் சொல்ல வேணும். அடுப்புக் கதவு சரியாகப் பூட்டாது, செங்கல் வழியில் வெடிப்பு இருக்கும், உறிஞ்சுகிற விசிறி தேவைக்கு மேல் ஓடும். பழைய ஆலைகளில் இதெல்லாம் சாதாரணம். இலக்கம் சரியாக எழுதப்பட்டால் பிழை எங்கேயெண்டு ஆலைக்காரருக்கே விளங்கும்.

போன வருசம் எங்கட ஊர் வட்சப் குழுவில் ஒரு ஆலையின் அறிக்கை போட்டோவாக வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கந்தகவீரொட்சைட்டு எல்லைக்குள். நைதரசன் ஒட்சைட்டுகள் எல்லைக்குள். ஒட்சிசன் எண்ட இடத்தில் ஒரு கோடு. தூசி எண்ட சொல்லே இல்லை. உமியில் கந்தகம் மிகக் குறைவு. உமியை எரித்துவிட்டுக் கந்தகம் எல்லைக்குள் எண்டு சான்றிதழ் தருவது, மரக்கறிக் கடையில் மீன் மணக்கவில்லை எண்டு எழுதித் தருவது மாதிரி. உமியின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. கொடியில் காயிற பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலும் பக்கத்து வீட்டு இழுப்புக்காரப் பிள்ளையின் நெஞ்சிலும் போய் இருக்கிறது அதுதான்.

தூசி ஏன் விடுபட்டது? கையில் கொண்டுவருகிற அந்தச் சின்னக் கருவி தூசியை அளக்காது. புகைபோக்கியில் ஓட்டை போட்டு, குழாயை விட்டு, வாயுவை இழுத்து, ஈரத்தைப் பிரித்து, தன் உணரிகள் பழுதாகாமல் இருக்கத் தூசியை வடிகட்டிவிட்டுத்தான் அது அளக்கவே தொடங்குது. தூசிக்கு வேற வேலை செய்ய வேணும். புகை போகிற அதே வேகத்தில் உறிஞ்சி, வடிதாளை முன்னும் பின்னும் நிறுக்க வேணும். வேகம் கூடினால் பெரிய துகள்கள் தப்பிவிடும், கணக்குக் குறைவாக வரும். நேரமும் காசும் பிடிக்கிற வேலை எண்டதால் அது முதலில் விடுபடுகிறது.

இன்னொரு கூத்தும் இருக்கு. இந்தக் கருவிகளில் கனக்க, காபனீரொட்சைட்டை அளக்கிறதே இல்லை. ஒட்சிசனை அளந்து, மெனுவில் தெரிவு செய்த எரிபொருளை வைத்துக் கணக்குப் போட்டு அச்சடிக்கும். முதல்நாள் பார்த்த டீசல் பொயிலரின் தெரிவை மாற்றாமல் விட்டால், உமிப் புகைக்கு டீசல் கணக்கு வரும். பார்க்க நல்ல வடிவான துண்டு! முந்தி இருந்த ஓர்சாட் எண்ட கண்ணாடிக் கருவியில் இந்த வசதி இல்லை. வாயுவை மூன்று திரவங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைந்தது எண்டு கண்ணால் பார்ப்பார்கள். முதலில் காபனீரொட்சைட்டை எடுக்கிற பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, பிறகு ஒட்சிசனை எடுக்கிற பைரோகலோல், கடைசியில் காபனோரொட்சைட்டுக்கான செப்புக் கரைசல். ஒழுங்கை மாற்றினால் பைரோகலோல் கரைசல் காபனீரொட்சைட்டையும் விழுங்கிவிட்டு ஒட்சிசன் எண்டு கணக்குக் காட்டும். வாசிக்கிற ஒழுங்கு பிழைத்தால் அர்த்தம் பிழைக்கும் எண்டதை இதைவிட நல்லா எங்கட விரிவுரைகளில் ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

நேரமும் முக்கியம். புகை மோசமாக வாறது விடியப்புறம் அடுப்பு மூட்டேக்கையும் உமியை மொத்தமாகக் கொட்டேக்கையும். பகல் பத்து மணிக்கு, நெருப்புச் சீராக எரியும்போது எடுத்த அளவு, விடிய ஐந்து மணிப் புகைக்குச் சாட்சி சொல்லாது.

எங்கட பக்கத்துக்கும் ஒரு சொல். வெள்ளையாக வாறதெல்லாம் புகை இல்லை. நீராவி கொஞ்சத் தூரத்தில் கரைஞ்சு மறைஞ்சிடும், புகை நீண்டு இழுபட்டுப் போகும். நெல் அவிக்கிற ஆவியைப் படமெடுத்து முகநூலில் "விசம்" எண்டு போட்டால், அடுத்த முறை உண்மையான கரும்புகையைப் போட்டாலும் அதிகாரிகள் திரும்பிப் பார்க்கமாட்டினம்.

"இதெல்லாம் சனத்துக்கு விளங்காது, குடுத்தால் பிழையாகத்தான் வாசிப்பினம்" எண்டொரு வாதம் இருக்கு. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் 2008இல் தொடங்கின திட்டத்தின்படி வருசா வருசம் புகைப் பரிசோதனைத் தாள் கையில் தரப்படுகிறது. அது இல்லாமல் வரிப்பத்திரம் எடுக்கேலாது. ஒரு சின்ன என்ஜினுக்குத் தாள் தரலாம், ஊருக்கு நடுவில் நிக்கிற புகைபோக்கிக்குத் தரக்கூடாதா? ஆலையை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. அங்கே உமி அள்ளுகிறவர்களும் எங்கட ஆக்கள்தான், கதவு பழுதான அடுப்பிலிருந்து மணமில்லாத காபனோரொட்சைட்டு முதலில் போகிறதும் அவையின்ர மூக்குக்குத்தான். ஆலை வாசலில் ஒரு பலகையில் தூசி, ஒட்சிசன், அளந்த திகதி, மணி, அப்போது பொயிலர் எவ்வளவு சுமையில் ஓடினது எண்டு தமிழில் எழுதினால் போதும்.

பலகை வரும்வரை வேற வழி இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் எந்தப் பிரஜையும் அறிக்கையின் பிரதியைக் கேட்கலாம். தருவதா இல்லையா எண்டு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேணும். ஏன் கேட்கிறீர்கள் எண்டு காரணம் எழுதத் தேவையில்லை. ஆனால் "ஆலையின் புகை அறிக்கை" எண்டு மட்டும் கேட்காதேங்கோ, அந்த ஒரு பக்கம்தான் வரும். கருவி அச்சடித்த மூலத்துண்டு, தூசி வடிதாளின் நிறைகள், தெரிவு செய்த எரிபொருள், ஒட்சிசன் வீதம், அளந்த மணித்தியாலம் எண்டு ஒவ்வொன்றாக இலக்கமிட்டுக் கேளுங்கோ. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்.