வீட்டுப் பட்டறை: வர்ணம் உலர்த்தும் பெட்டி

நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் மாதிரி விமானங்களும் கப்பல்களும் பெரும்பாலும் கெடுவது ஒட்டும்போது அன்று. வர்ணம் பூசிய பிறகு, உலரும் வரை பொறுக்கமாட்டாத வேளையிலேதான். பத்து நாள் உழைப்பை ஒரு கட்டைவிரல் ரேகை பாழாக்கிவிடுகிறது. வெயிலில் வைத்தால் தூசி படிகிறது. மெல்லிய பிளாஸ்டிக் வளைந்தும் போகிறது.

1965-ஆம் ஆண்டு யுத்தத்தில் பெயர் பெற்றதும் பெங்களூரில் கட்டப்பெற்றதுமான நாட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 72-இல் ஒரு பங்காகச் செய்தால், சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒன்பது சென்டிமீட்டர் சொச்சந்தான். இத்தனை சிறிய பொருளில் வர்ணத்தைத் தடித்துப் பூசினால் எந்தச் சாதனமும் உதவாது. பாலின்மேல் ஏடு படிவதுபோல் மேலே தோல் கட்டும். உள்ளே ஈரம் நிற்கும்.

எல்லா வர்ணமும் ஒரே விதமாய் உலர்வதில்லை. அக்ரிலிக் வர்ணத்திலிருந்து நீர் ஆவியாகிப் போக, துகள்கள் நெருங்கி ஒன்றிவிடுகின்றன. மழைக்காலத்துச் சென்னையில் அது தாமதிப்பது காற்றின் ஈரத்தினால்தான். எனாமலோ, தன் திரவம் போன பிறகும் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றே இறுகுகிறது. ஆகவே சூட்டை மட்டும் கூட்டிப் பயனில்லை. இளஞ்சூடான காற்று வந்து போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த அந்நியச் சாமான் எதுவும் வேண்டுவதில்லை. மூடியுள்ள பழைய மரப்பெட்டி ஒன்று போதும். ஒரு பக்கத்தில் அடியோரமாகவும், எதிர்ப்பக்கத்தில் மேலோரமாகவும் சில துவாரங்கள் இட்டு, கீழ்த் துவாரங்களுக்கு மல் துணி கட்டுக. அவற்றின் அருகே, மரத்தில் படாமல், 25 வாட் இழை பல்பு ஒன்றைப் பொருத்துக. எல்.ஈ.டி. விளக்கில் போதிய சூடு எழாது. பல்பின் வெப்பம் நேரே தாக்காதபடி நடுவே ஒரு தகரத் தடுப்பு வேண்டும். அப்பால் கம்பி வலைமேல் மாதிரியை வைத்து, பக்கத்தில் ஓர் உஷ்ணமானியும் வைத்துவிட்டால் பெட்டி தயார். சூடான காற்று தானே மேலெழுந்து வெளியேறும். மின்சார வேலையை மட்டும் அறிந்தவரைக்கொண்டு செய்விப்பதே உசிதம்.

உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டலாகாது. அவசரக்காரர் பெரிய பல்பை மாட்டுவார். சிறகு கோணிய பிறகு நிமிர்த்த வழியில்லை. தாண்டினால் மூடியைச் சற்றுத் திறந்து வைக்கலாம்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எனாமல், லாக்கர் இவற்றின் ஆவி தீப்பற்றும் இயல்புடையது. பூசிய உடனே மாதிரியைப் பெட்டிக்குள் வைப்பது கூடவே கூடாது. காற்றோட்டமான இடத்தில், தூசி விழாதபடி, நெடி நன்றாக அடங்கும்வரை விட்டு வைத்த பின்னரே பெட்டி. வர்ணப் புட்டிகளையும் கரைப்பான் தோய்ந்த கந்தையையும் அதன் அருகே வைக்கலாகாது. பல்பை எரியவிட்டு உறங்கப் போவதும், குழந்தைகளை நம்பி விட்டுச் செல்வதும் தகாது.

அக்ரிலிக் மென்பூச்சு பெரும்பாலும் சில மணி நேரத்தில் கையாளத் தகுந்ததாகிவிடும். எனாமலுக்குப் பெட்டியிருந்தும் ஒரு நாளாவது பொறுப்பது நலம். உலர்ந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டாம். முகர்ந்து பார்த்தால் போதும். வர்ண நெடி சிறிதேனும் இருந்தால் உள்ளே இன்னும் இறுகவில்லை என்று கொள்க. அது முற்றும் நின்ற பிறகு சிறகுகளில் மூவர்ண வட்டச் சின்னத்தை ஒட்டலாம்.