வியர்வை காட்டாத வெயில்!

'மெட்ராஸ் வெயிலையே பார்த்தாச்சு... இந்த வெயில் என்ன பண்ணிடும்?' - சியாட்டிலில் மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் பலரின் வசனம் இது. என்னைக் கேட்டால், இந்தத் தெம்புதான் ஆபத்து!

சியாட்டிலுக்குக் கிழக்கே மூன்று மணி நேர கார் பயணத்தில் 'ட்ரை ஃபால்ஸ்' பூங்கா இருக்கிறது. பனியுகத்தின் கடைசியில் மிஸௌலா ஏரியின் பனி அணை திரும்பத் திரும்ப உடைய, பாய்ந்து வந்த பெருவெள்ளம் குடைந்த பாறை அது. அகலம் ஐந்தரை கிலோமீட்டர், உயரம் 120 மீட்டர்! இன்று அந்த அருவியில் சொட்டுத் தண்ணீர் விழுவதில்லை.

கீழே, யூமட்டில்லா பாறையைச் சுற்றிவரும் நடைபாதையில் நிழல் அபூர்வம். கோடையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். சென்னையில் என்றால் சட்டை நனைந்து, உடம்பே எச்சரிக்கும். இங்கே காற்று காய்ந்து கிடப்பதால், வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். உடம்பு வற்றுவதே தெரியாது. வயதானால் தாக உணர்வும் குறையும். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதே நல்லது.

காலையிலேயே நடந்து முடித்துவிடுங்கள். தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். பாதித் தூரத்துக்குள் பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டதா? வந்த வழியே திரும்புங்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் உட்காருங்கள். பேச்சு குழறினால் உடம்பை நனைத்து விசிறி, உடனே 911-ஐக் கூப்பிட வேண்டும்.

பிள்ளைகளே... 'அப்பா சமாளிச்சுடுவார்'னு விட்டுடாதீங்க. பாதியில் திரும்பினா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. மேலே சாலையோரப் பார்வை மேடையில் நின்றாலே அருவி தெரியுமே!