பிரிண்டர் மலிவு, மை விலை

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் (சாதர பத்ரப்பா ரோடு என்ற முழுப் பெயர் ஆட்டோக்காரர்களுக்கே மறந்துவிட்டது) போன மாதம் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். கூட வந்தவன் என் சித்தி மகன். ஸ்ரீராமபுரத்தில் ஒரு பி.யு. கல்லூரிக்கு எதிரே சின்னதாகக் கடை பிடித்திருக்கிறான். மனைவியின் வளையல்களை அடகு வைத்த பணம் சட்டைப் பையில் இருந்தது. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், கலர் போட்டோ எல்லாமே ஒரே மெஷினில் வந்துவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, பேப்பரும் மையுமா காலம் தள்றவர் நீங்கதான். பாத்துச் சொல்லுங்க" என்றான்.

எனக்கிருந்த தகுதி, ஒரு முறை ஏமாந்ததுதான். ஆறு வருடங்களுக்கு முன் நாலாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு ஒரு இங்க்ஜெட் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், அச்சில் வரி விட்டு வரி காணவில்லை. தலையைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினேன். சுத்தம் செய்வதற்கும் மைதான் செலவாகிறது என்பது அப்போது தெரியாது. நாலு முறை அழுத்தியதில் மிச்சமிருந்த மையும் தீர்ந்தது. மறுநாள் காலை ஒரு சொத்துப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி அச்செடுத்தேன். திரையில் மூன்று தடவை படித்தும் கண்ணில் படாத பிழை காகிதத்தில் பளிச்சென்று தெரிந்தது. 'தந்தையாருக்குப் பாத்தியமான மனை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மனைவி' என்று அடித்திருந்தேன். வீட்டில் பிரிண்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வது.

இங்க்ஜெட் என்பது மயிரிழைத் துளைகளின் வழியாக மையைத் துப்பும் சாதனம். 1977ல் ஜப்பானில் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக ஊசி ஒன்றின் மேல் பட, உள்ளிருந்த மை பீய்ச்சியடித்தது. அந்த நிறுவனத்தின் முறை அதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் துளை சிறிதென்பதால் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். லேசருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிலிருப்பது உலர்ந்த பொடி. நிலைமின்சாரம் பொடியைக் காகிதத்தில் ஒட்டவைக்க, சூடான உருளை அதை உருக்கிப் பதிக்கிறது. ஆறு மாதம் சும்மா இருந்தாலும் கேட்ட அன்று வேலை செய்யும். தண்ணீர் பட்டாலும் எழுத்து கரையாது.

எஸ்.பி. ரோட்டில் யாரும் இதையெல்லாம் விளக்குவதில்லை. முதல் கடையில் தள்ளுபடி, இரண்டாவது கடையில் இலவசக் காகிதக் கட்டு. மூன்றாவது கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "மாசம் எத்தனை பக்கம் சார்?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். காகிதத்தில் கணக்கும் போட்டுக் காட்டினார். எண்ணூறு ரூபாய் கார்ட்ரிட்ஜ் இருநூறு பக்கம் வந்தால் பக்கத்துக்கு நாலு ரூபாய். மெஷின் மலிவாக இருப்பதன் ரகசியம் அதுதான். லேசரில் கம்பெனி டோனர் போட்டால் ஒரு ரூபாயைச் சுற்றி. பொடி நிரப்பிக்கொண்டால் சில்லறைக் காசு. பாட்டில் மை ஊற்றும் டேங்க் ரகத்தில் கறுப்பு இன்னும் மலிவு, பைசாக் கணக்குதான்.

டேங்க் ரகத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. இந்தோனேசியாவில் ஜனங்கள் பிரிண்டருக்கு வெளியே மைக்குப்பிகளைக் கட்டி, குழாய் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த எப்சன் தானே டேங்க் வைத்த பிரிண்டரை 2010ல் அந்த நாட்டில்தான் முதலில் விற்றது. வாடிக்கையாளர் செய்த தில்லுமுல்லையே சரக்காக்கிய சாமர்த்தியம்!

அப்படியானால் டேங்க்தானே சரி என்றான் தம்பி. நியாயம்தான், தினமும் ஓடினால். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிக்குப் பூட்டு. வாரத்துக்கு ஒரு கலர்ப் பக்கமாவது எடுக்காவிட்டால் என் கதைதான் அவனுக்கும். தவிர, ஹால் டிக்கெட் நாளன்று காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்கும் முப்பது பையன்களுக்கு வேகம் முக்கியம். அதில் லேசர் முந்தும். ஆதார் அட்டையின் இரு பக்கத்தையும் ஒரே தாளில் எடுக்கும் வசதி உண்டா, தாளைத் தானே திருப்பிப் போடுமா, டிரம் தனியாக மாற்ற வேண்டியதா, கார்ட்ரிட்ஜில் சிப் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டோம். சிப் இருந்தால் வெளிப்பொடியை ஏற்க மறுக்கும் மாடல்கள் உண்டு. மட்டமான பொடி டிரம்மைக் கீறிவிடும் என்பதும் நிஜம். இன்னொன்று: உருளையைச் சூடாக்கும் கணத்தில் லேசர் மின்சாரத்தை உறிஞ்சும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் குட்டி யு.பி.எஸ்ஸில் அதைச் செருகக்கூடாது.

பக்கத்துக் கடையில் டாட் மேட்ரிக்ஸ் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒழிந்துபோயிற்று என்று நினைத்தவன் நான். ஊசியால் தட்டி அச்சடிப்பதால் கார்பன் நகல்கள் ஒரே அடியில் விழும்; லாரி ஆபீஸ் ரசீதுக்கு இன்றும் அதுதான். தமிழை மட்டும் அதனிடம் கொடுக்கக்கூடாது. ஒன்பது ஊசிக்கு 'ணு'வும் 'னு'வும் ஒரே குழப்பம்.

கடைசியில் கறுப்பு வெள்ளை லேசர், ஸ்கேனரோடு சேர்ந்தது, வாங்கினோம். கலருக்கு டேங்க் மெஷின், தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தாயிற்று. பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். அவன் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, முதலில் இரண்டு வளையலையாவது மீட்டுவிடுவதாகச் சொன்னான். "நீங்க எதுவும் வாங்கலையாண்ணே?" என்று கேட்டான். மாதம் இருபது பக்கம் அச்செடுப்பவனுக்கு எதற்கு மெஷின்? ஸ்ரீராமபுரத்தில் எனக்கு இப்போது ஒரு கடை இருக்கிறது.