ஒரே மெஷின், பல குடித்தனம்!

சேலம் அடிவாரத்தில் ஏற்காடு பஸ்ஸுக்கு நிற்கும்போதே, போனில் உள்ள பழைய படங்களை ‘கிளவுடு’க்கு ஏற்றிவிட்டு இடத்தைக் காலி செய்பவர்கள் உண்டு. மேலே போய்ப் படமாக எடுத்துத் தள்ள வேண்டுமே!

‘கிளவுடு’ என்றாலும் அந்தப் படங்கள் மேகத்துக்குப் போவதில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குத்தான் போகின்றன. அங்கே ஒரே கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்கள் போல நடிக்க வைத்து வேலை வாங்குகிறார்கள். இதற்குப் பெயர் ‘விர்ச்சுவல் மெஷின்’.

புது வித்தை இல்லை இது. 1960களிலேயே, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீஸியும் குழுவினரும் செய்துகாட்டியது. 1972 ஆகஸ்டில் ‘விஎம்/370’ என்ற பெயரில் அறிவிப்பும் வந்தது.

நம்மூர் ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான். ஆனால், இங்கே ஒவ்வொரு குடித்தனக்காரரும் முழு வீடும் தனக்கே என்று நினைத்துக்கொள்வார். அவருக்கென்று தனி நினைவகம், தனி டிஸ்க், பிரின்டர், கார்டு படிக்கும் கருவிகூட உண்டு. பல, வெறும் பாவனைதான்! ஒருவருடைய புரோகிராம் கவிழ்ந்தால் அவர் வீட்டில் மட்டுமே விளக்கு அணையும்.

இதன் அருமை அந்தக் கால மாணவர்களுக்குத் தெரியும். மெயின்பிரேமுக்கு வேலை கொடுக்க, வரிக்கு ஓர் அட்டை வீதம் துளை போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா தவறினால் மறுபடி முதலிலிருந்து வரிசை.

சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973ல் ‘ஐ.பி.எம். 370/155’ வந்தது. அன்றைக்கு நாட்டின் பெரிய கம்ப்யூட்டர்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், 1970ல் அறிமுகமான அந்த 155 மாடலில், ‘விஎம்’ ஓடத் தேவையான முகவரி மாற்றும் வசதியே கிடையாது. வேண்டுமென்றால் அதற்கென்று தனிப்பெட்டி வாங்கிப் பொருத்த வேண்டும். லட்சலட்சமாகக் கொட்டி மெஷின் வாங்கியவர்களிடம் இன்னொரு பெட்டியும் வாங்கு என்றால் எரிச்சல் வராதா?

1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே வெளியேறியது. பிறகு 1990களில் திரும்பி வந்தது. ‘விஎம்’ மட்டும் ‘இஸட்/விஎம்’ என்ற பெயரில் இன்னமும் மெயின்பிரேம்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. துளை அட்டைகள் என்றோ மறைந்துவிட்டன. ஆனால், அதில் ஒருவர் இன்னொருவருக்கு ஃபைல் அனுப்பினால் அது போய் விழும் இடத்துக்கு இன்றும் ‘ரீடர்’ என்றுதான் பெயர், பழைய கார்டு ரீடரின் நினைவாக!