சாமி காசா? யார் காசு?

காசுக்குப் பெயர் வைத்தவன் மனிதனே அன்றி எந்தக் கடவுளும் அல்ல. நம்முடைய காசு என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியாக வெள்ளைக்காரன் பாஷைக்குப் போயிற்று. டச்சுக்காரனுடைய சில்லறையின் பெயர் நம்மிடம் வந்து துட்டு ஆயிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் போடிமெட்டுக்குக் கீழே 12 தம்பிடி ஓரணா, 16 அணா ஒரு ரூபாய். மெட்டைத் தாண்டினால் திருவாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். மலையேறிப் பிழைத்த நம் மக்கள் இந்தக் கணக்குகளை எந்தப் பண்டிதரிடமும் படிக்கவில்லை. "பத்துக் காசு" என்பார்களே தவிர, "பத்துக் காசுகள்" என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் எத்தனை என்பதில் ஏமாறாதவர்கள், யாருடையது என்பதில் ஏமாந்து போனார்கள்!

"சாமி காசு" என்கிறார்களே, அதைத்தான் சொல்லுகிறோம். இலக்கணப்படி இது ஆறாம் வேற்றுமை. சாமியினுடைய காசு என்று பொருள். சாமி எந்த ஏலத் தோட்டத்தில் களை எடுத்தது? எந்தக் கங்காணியிடம் கூலி வாங்கிற்று? விடியுமுன் போடியில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலையில் காய் எடுத்து, இருட்டிய பின் வீடு திரும்பும் தாயின் கூலி அது. மஞ்சள் துணியில் முடிந்த நிமிஷமே அது அவளுடையது அல்லவாம்! பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் முடிவதும் அந்தக் காசு. மருந்துக்கு இல்லாமல் போவதும் அதே காசு.

இந்தப் புரட்டை ஒரு ராஜ்ய அளவிலேயே செய்தார்கள். 1750-இல் திருவாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா நாடு முழுவதையும் பத்மநாபசாமிக்கு ஒப்படைத்துவிட்டு, தம்மை அந்தச் சாமியின் தாசன் என்று சொல்லிக்கொண்டார். அப்புறம் வரி கேட்பது ராஜாவா, சாமியா என்று குடியானவன் எப்படி எதிர்த்துக் கேட்பான்? 2011 ஜூன் கடைசியில் கோர்ட் உத்தரவின்படி அக்கோயில் நிலவறைகளைத் திறந்தபோது தங்கக் காசுகள் குவிந்து கிடந்தன. அதே ஜூன் 30-ந்தேதியோடுதான் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட சில்லறையும் செல்லாமல் போயின. ஏழையின் காசு செல்லாக்காசு ஆயிற்று. சாமியின் காசோ எவர் பசிக்கும் உதவாமல் பூட்டிக் கிடந்தது.

சக்கரம் போயிற்று. 1957-இல் நயா பைசா வந்து அணாக் கணக்கும் போயிற்று. "சாமி காசு" மட்டும் போகவில்லை.

ஆகவே தோழர்களே, பாடுபட்டவர் யாரோ, காசு அவருடையது. வீட்டிலுள்ள மஞ்சள் முடிச்சை இன்றைக்கே அவிழுங்கள். பிள்ளைக்கு மருந்தும் புத்தகமும் வாங்குங்கள். சாமிக்கு வேண்டுமானால், அதுவும் நாளைக் காலை ஜீப்பில் ஏறி வேலைக்கு வரட்டும்!